நிலாக்கல்லும் பனிக்கட்டியும்

திங்களின் ஒளி பட்டவிடத்து நீர் கசியும் கல் ஒன்று உண்டு என்பது வடமொழிப் புலவர்க்கும் தமிழ்ப் புலவர்க்கும் பொதுவாய் இருந்துவந்த கற்பனையாகும். அக்கல்லைச் சந்திரகாந்தம் என அவர்கள் வழங்கினர். இன்று அப்பெயர் நிலாக்கல்லுக்கு உரியதாயிற்று. இலங்கையின் தென்கரையை அடுத்த மீட்டியாகொடையில் அகழ்ந்தெடுக்கப்படும் நிலாக்கல், பெல்ஸ்பார் என்னும் கனிப்பொருளின் ஒரு வகையாகும். திங்களின் ஒளியால் அது நீரைச் சொரிவதில்லை. ஆயினும் முகில்களிலுள்ள நீரைப் பனிக்கட்டியாக மாற்றும் ஆற்றலில், தூசியிற் காணப்படும் ஏனைய பொதுவான கனிப்பொருள்களை விஞ்சி நிற்பது அக்கல் சேர்ந்த பெல்ஸ்பார் இனமே என்ற உண்மை 2013 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கல்லின் முகத்தில் நீர் எவ்வாறு அணிவகுத்துப் பனிக்கட்டியாகின்றது என்னும் வினாவுக்கு அறிவியலாளர் முந்நூறு ஆண்டுகளாக விடை தேடி வந்துள்ளனர். அத்தேட்டத்தின் வரலாறு ஈழத்துக் கல்லையும் தமிழ்க்குடியிற் பிறந்த அறிஞர் இருவரையும் தொட்டுச் செல்கின்றது.

இவ்வினா குளிர்நாட்டார்க்கே உரியது என எண்ணுதல் பொருந்தாது. ஊவா மாகாணத்துத் தெமோதரை, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் அமைந்த ஊர். புகையிரதப் பாதை வளைந்து சென்று, தான் கடந்த நிலையத்தின் அடியிலேயே சுரங்கம் வழியாக நுழையும் அமைப்பினால் அது புகழ்பெற்றது. நுவரெலியாவில் தை மாதத்து விடியற்காலையில் தேயிலைக் கொழுந்தைக் கருக்கும் உறைபனி இங்கே இறங்குவதில்லை. எனினும் சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் வேளையில் மலைகளின் மேல் திரண்டெழும் இடிமுகில்களின் உச்சியிற் பனிக்கட்டி நிறைந்திருக்கும். அருகி ஒருகால் அது ஆலங்கட்டியாக லயங்களின் தகரக் கூரைமேல் வீழ்ந்து, கொழுந்தையும் கிழித்துவிட்டுக் கரைந்துபோகும். இலங்கையின் வானில் வெப்பநிலை 0 பாகை செல்சியஸை அடையும் மட்டம் ஏறத்தாழ 5 கிலோமீற்றர் உயரத்தில் உள்ளது. நாட்டின் மிக உயர்ந்த மலையாகிய பீதுருதலாகலையோ 2,524 மீற்றர் உயரமே உடையது. ஆகவே இம்மலைநாட்டு மக்களின் தலைக்கு மேலே, மலைகளும் எட்டாத உயரத்திற் பனிக்கட்டி பிறக்கின்றது. மழையின் ஒரு பகுதி அதனைப் பொறுத்தது; கொழுந்து மழையைப் பொறுத்தது. கொழுந்து குறைந்த நாளில் தோட்டத் தொழிலாளிக்கு அரைப்பேரே விழும். அணுவின் அளவினதாகிய நிகழ்ச்சியொன்று அடுப்பங்கரை வரை வந்து சேர்வது இவ்வாறே.

உறையாத நீர்

நீர் 0 பாகையில் உறையும் என்று பாடநூல்கள் கூறுகின்றன. பனிக்கட்டி அவ்வெப்பநிலையில் உருகும் என்பது உண்மை. நீர் அவ்வெப்பநிலையில் உறைந்தே தீரவேண்டும் என்னும் நியதி இல்லை. இதனைத் தெளிவுறக் காட்டியவர், வெப்பமானியாற் பெயர்பெற்ற தானியேல் பாரன்ஹைட் ஆவார். கொதிக்கவைத்து வளி நீக்கிய நீரைக் கண்ணாடிக் குமிழில் அடைத்து, 1721 ஆம் ஆண்டில் அவர் கடுங்குளிரில் வைத்தார். மறுநாளும் அது நீராகவே இருந்தது. குமிழின் முனையை உடைத்தபோது உள்ளிருந்த நீர் விரைந்து உறைந்தது. 1724 இல் இலண்டன் அரச கழகத்தின் வெளியீட்டில் அவர் இதனை எழுதினார். தூய நீரின் நுண்டுளிகள் ஏறத்தாழ −38 பாகை வரையும் உறையாது நிற்கவல்லன என்பது பிற்காலத்து ஆய்வுகளால் அறியப்பட்டது. உறைநிலைக்குக் கீழும் திரவமாயிருக்கும் இந்நீரை மீக்குளிர் நீர் என்பர்.

நீர் இவ்வாறு தயங்குவதற்குக் காரணம் யாது? பனிக்கட்டியில் ஒவ்வொரு நீர் மூலக்கூறும் தன்னைச் சூழ்ந்த நான்கு மூலக்கூறுகளை ஐதரசன் பிணைப்பினாற் பற்றி, அறுகோண ஒழுங்கில் நிற்கின்றது. 1933 இல் பெர்னால், பௌலர் ஆகிய இருவரும், 1935 இல் லைனஸ் போலிங்கும் இவ்வொழுங்கின் விதிகளை வகுத்தனர். திரவ நீரில் அத்தகைய சிறு கூட்டங்கள் கணந்தோறும் தோன்றிக் கணந்தோறும் கலைகின்றன. ஒரு கூட்டம் நிலைபெறுவதால் உட்பகுதிக்கு ஆதாயம் உண்டு. ஆனால் அதன் புறப்பரப்பைப் பேணுவதற்குச் செலவும் உண்டு. கூட்டம் சிறிதாயின் செலவே மிகும். ஆதலின் அது சிதைந்துவிடும். குறித்த ஓர் அளவைத் தாண்டிய கூட்டம் மட்டுமே வளர்ந்து பனிக்கட்டியாகும். அதுவே உறைகரு எனப்படும். வேற்றுப்பொருள் ஒன்றின் முகம் அக்கூட்டத்தின் ஒரு பக்கத்தைத் தாங்குமாயின் புறப்பரப்பின் செலவு குறையும், உறைதல் எளிதாகும். வானிற் பறக்கும் தூசி இத்தொண்டினையே செய்கின்றது.

அச்சுக் கொள்கை

கண்டங்கள் நகரும் என்ற கொள்கையாற் புகழெய்திய அல்பிரட் வேகனர், மீக்குளிர் நீரும் பனிக்கட்டியும் ஒரே முகிலில் உடனிருப்பின் நீராவி துளிகளை விட்டுப் பனிக்கட்டியிலேயே சென்று படியும் என்று 1911 இல் சுட்டிக்காட்டினார். சுவீடன் நாட்டு அறிஞர் தோர் பேர்கெரோன் 1933 இல் இதனையே மழைக்குக் காரணமாக விளக்கினார். செர்மனியின் வால்டர் பிண்டைசன் 1938 இல் அதனை விரிவாக்கினார். பனித்துகள் பருத்து வீழ்கையில் உருகி மழையாகும் என்பது அவர்கள் கொள்கை. வெப்ப வலயத்தில் பனிக்கட்டி இன்றியே, துளிகள் ஒன்றோடொன்று மோதிச் சேர்ந்து மழையாவதும் உண்டு என்பது பின்னர்த் தெளிவாயிற்று. எனினும் உயர்ந்தெழும் இடிமுகில்களைப் பொறுத்தவரையில் பனிக்கட்டியின் பங்கு பெரிது.

முகிலில் மீக்குளிர் நீர் இருந்தும் பனித்துகள் இல்லையாயின், அதனை மனிதர் உண்டாக்கலாகாதா என்ற எண்ணம் இதிலிருந்து பிறந்தது. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில், நோபல் பரிசு பெற்ற இர்விங் லாங்மியூரின் கீழ்ப் பணிபுரிந்த வின்சென்ட் ஷேபர், 1946 இல் உலர்பனியைக் கொண்டு இதனைச் செய்து காட்டினார். உலர்பனி கடுங்குளிரினால் மட்டுமே வேலை செய்வது. அவருடன் பணியாற்றிய பேர்ணாட் வொனெகட் வேறு வழியிற் சிந்தித்தார். பளிங்குகளின் அணு இடைவெளிகளைத் தரும் அட்டவணைகளைப் புரட்டி, பனிக்கட்டியின் இடைவெளியை ஒத்த பொருளை அவர் தேடினார். பனிக்கட்டியின் அறுகோண அடுக்கில் இடைவெளி ஏறத்தாழ 4.52 அங்ஸ்ட்ரோம், வெள்ளி அயடைட்டில் அது 4.59. வேறுபாடு நூற்றுக்கு இரண்டினும் குறைவு. 1946 நவம்பர் 14 இல் வெள்ளி அயடைட்டுப் புகை மீக்குளிர் முகிலைப் பனித்துகள்களாக மாற்றுவதை அவர் கண்டார்.

இவ்வெற்றியிலிருந்து ஒரு கொள்கை எழுந்தது. செங்கல் அறுப்போனின் அச்சு களிமண்ணுக்கு வடிவம் தருவது போல, பளிங்கின் முகம் நீருக்கு வடிவம் தருகின்றது. அச்சின் அளவு பொருந்தினால் நீர் உறையும், பொருந்தாவிடின் உறையாது என்பதே அது. 1952 இல் வொனெகட்டும் டேர்ன்புல்லும் இதனைக் கோட்பாடாக வகுத்தனர். எளிமையும் அழகும் உடைய இக்கொள்கை அரை நூற்றாண்டுக் காலம் பாடநூல்களில் வீற்றிருந்தது.

அதன் பயன் விரைவிலேயே கீழ்நாடுகளை எட்டியது. 1951 இல் டாட்டா நிறுவனத்தார் மேற்குத் தொடர்ச்சி மலைகளில், நிலத்திலிருந்து வெள்ளி அயடைட்டுப் புகையை எழுப்பி மழை பெற முயன்றனர். கடும் வறட்சியுற்ற தமிழ்நாட்டில் 1980 களிலும் 1993-94 இலும் அரசு முகில்விதைப்பில் ஈடுபட்டது. இலங்கையில் 2019 மார்ச்சு மாதம், மின்னாக்கத்துக்குரிய நீர்த்தேக்கங்கள் வற்றியபோது, மவுசாக்கலைப் பகுதியில் தாய்லாந்து நிபுணரின் துணையோடு விமானப்படையின் விமானம் முகில்களின் மேல் இரசாயனப் பொருள் தூவியது.

இம்முயற்சிகளின் பயனை அளத்தல் எளிதன்று. விதைத்த முகில் விதைக்காவிடினும் பெய்திருக்குமா என்பதற்கு அம்முகிலே சான்று கூறாது. 2017 இல் அமெரிக்காவின் ஐடாகோ மலைகளில் நிகழ்ந்த ஆய்வொன்றில், விமானம் சென்ற வழியே பனித்துகள்கள் தோன்றி வளர்ந்து வீழ்ந்தமை ராடார்க் கருவியில் ஐயமறப் பதிவாயிற்று. ஆனால் அவை குளிர்காலத்து மலைமுகில்கள். முகிலே இல்லாத வறட்சி வானத்தில் எந்தத் துகளும் மழையைப் படைக்காது. வொனெகட் கண்டது உண்மை. அவ்வுண்மைக்கு அவர் கூறிய காரணமே பின்னர் ஐயத்துக்கு உள்ளாயிற்று.

கொள்கை தளர்ந்தமை

அச்சுக் கொள்கைக்கு முரணாக நின்றவற்றுள் பேரியம் புளோரைட்டு ஒன்று. அதன் அணு இடைவெளி பனிக்கட்டியோடு பெரிதும் பொருந்துவது. கொள்கை சரியாயின் அது நீரை உறையவைப்பதிற் சிறந்ததாயிருத்தல் வேண்டும். சோதனையிலோ அது மிகவும் பின்தங்கியது. வெள்ளி அயடைட்டும் தன் கொள்கைக்கே எதிராகச் சான்று பகர்ந்தது. அதன் பளிங்கில் வெள்ளியணுக்கள் வெளியே நிற்கும் முகமும் அயடீன் அணுக்கள் வெளியே நிற்கும் முகமும் உள்ளன. இரண்டிலும் இடைவெளி ஒன்றே. ஆயினும் 2014 முதலாக வெளிவந்த கணினிக் கணிப்புகளில், வெள்ளி முகத்திலேயே பனிக்கட்டி உருவாயிற்று. அயடீன் முகத்தில் உருவாகவில்லை. அளவு ஒத்திருத்தல் மட்டும் போதாது என்பது இதனாற் பெறப்பட்டது.

காக்காய்ப்பொன் எனத் தமிழில் வழங்கும் மைக்கா மற்றொரு பாடம் புகட்டியது. தகடு தகடாகப் பிளக்கும் அதன் முகம் அணு அளவிலும் சமதளமானது. 1995 இல் பேர்க்லியில் சல்மரோன் என்பவரின் குழுவினர், அறை வெப்பநிலையிலேயே அம்முகத்தில் நீர் மிக மெல்லிய படலமாகப் படிந்து, மைக்காவின் ஒழுங்கைத் தழுவிப் பனிக்கட்டியை ஒத்த ஒழுங்கில் நிற்பதைக் கண்டனர். அங்ஙனமாயின் மைக்கா உறைதலைத் தூண்டுவதில் முதன்மை பெறுதல் வேண்டும். ஆனால் அது பெறவில்லை. முதல் அடுக்கு நீர் ஒழுங்காக நிற்பது வேறு. அதன்மேல் பனிக்கட்டி வளர்வது வேறு என்பது புலனாயிற்று.

இதன் காரணத்தைக் கயோலினைட் விளக்கியது. பீங்கானுக்குரிய வெண்களியின் கனிப்பொருளாகிய இது, நெடுங்காலம் இத்துறையில் முதன்மை பெற்றிருந்தது. 1951 இல் யப்பானிய அறிஞர் குமாய், பனிப்பூக்களின் நடுவே களித்துகள்கள் இருப்பதை இலத்திரன் நுணுக்குக்காட்டியாற் கண்டார். 1958 இல் மேசனும் மேபாங்கும் கயோலினைட்டின் ஆற்றலைப் பதிவுசெய்தனர். அதன் ஒரு முகத்தில் ஒட்சிசனும் ஐதரசனும் சேர்ந்த ஐதரொட்சைல் கூட்டங்கள் அறுகோண ஒழுங்கில் நிற்கின்றன. பனிக்கட்டியின் அச்சு அதுவே என்று கொள்ளப்பட்டது. 2007 முதலாக இலண்டனில் மைக்கேலைடிசும் அவரோடு சேர்ந்தோரும் கணித்தபோது வேறொன்று தெரிந்தது. முதல் அடுக்கு மூலக்கூறுகள் கல்லோடும் தம்முள்ளும் முற்றாகப் பிணைந்துகொள்கின்றன. மேலே வரும் மூலக்கூறுக்கு நீட்ட அவற்றிற்குக் கை மிஞ்சுவதில்லை. தம்முள் இறுகக் கைகோத்து நிற்கும் கூட்டம் பின்வருவோரைச் சேர்க்காமை போன்றது இது. பனிக்கட்டி அங்கே பிறப்பது அறுகோண முகத்தைக் கல்லின்மேல் வைத்தன்று. தன் பக்க முகத்தை வைத்தே என்று பின்னைய கணிப்புகள் காட்டின. கல் அச்சாக இருந்து வார்ப்பதில்லை. நீர் தன் பிணைப்புகளுக்கு ஏற்ற நிலையைத் தேடிக்கொள்கின்றது.

ஈழத்துப் பெல்ஸ்பார்

இலங்கைப் பாறைகளை முறைப்படி ஆராய்ந்தோருள் கலாநிதி ஆனந்த குமாரசுவாமி முன்னோடியாவார். சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தராகிய இவர் கலைத்துறையிற் பெற்ற புகழ், இவருடைய முதற்பணியை மறைத்துவிட்டது. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வின் முதற் பணிப்பாளராக இருந்து, தோரியனைட் என்னும் புதிய கனிப்பொருளையும் உலகுக்கு அறிவித்தவர் இவர். மலைநாட்டின் பெரும்பகுதி மிகத் தொன்மையான உருமாறிய பாறைகளால் ஆனது. 1924 இல் பதுளையை எட்டிய புகையிரதப் பாதைக்காக ஊவா மலைகளிற் குடையப்பட்ட சுரங்கங்களும் இப்பாறைகளினூடே செல்வன. குவாட்சு, மைக்கா, செம்மணி ஆகியவற்றோடு பெல்ஸ்பாரும் இப்பாறைகளின் முதன்மைக் கூறாகும்.

வெப்பம் மிக்க ஆழத்தில் உருவான பெல்ஸ்பாரிற் பொற்றாசியமும் சோடியமும் கலந்திருக்கும். பாறை மெல்லக் குளிரும்போது அவை உடனுறைய இயலாது பிரிந்து, மாறிமாறி அமைந்த மெல்லிய தகடுகளாக நிற்கும். நிலாக்கல்லின் வெண்ணீல ஒளிர்வு இத்தகடுகளில் ஒளி சிதறுவதாலேயே எழுவது. திருச்சிராப்பள்ளியிற் பிறந்து, ஒளிச்சிதறல் ஆய்வுக்காக 1930 இல் நோபல் பரிசு பெற்ற சேர் சி. வி. இராமன், 1950 இல் ஜெயராமன், ஸ்ரீநிவாசன் என்போருடன் சேர்ந்து இலங்கை நிலாக்கற்களின் அமைப்பையும் ஒளியியல்பையும் ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். அவர் நோக்கியது ஒளியை, நீரையன்று.

2013 இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அற்கின்சன், மரே முதலியோர், பாலைநிலத் தூசியிலுள்ள கனிப்பொருள்களைத் தனித்தனியே சோதித்தனர். களிவகைகளே முதன்மையானவை என்ற நெடுநாட் கருத்து அன்றோடு வீழ்ந்தது. தூசியிற் சிறு பங்கினதாகிய பொற்றாசியப் பெல்ஸ்பாரே உறைதலிற் பெரும்பங்கு வகிப்பதாக அவர்கள் கண்டனர். 2017 இல் அதே பல்கலைக்கழகத்தின் ஆய்வொன்று, பொற்றாசியமும் சோடியமும் தகடுகளாகப் பிரிந்த பெல்ஸ்பார்களே அவ்வாற்றலிற் சிறந்தவை என்றும், பிரியாதவை பின்தங்கியவை என்றும் காட்டியது. நிலாக்கல்லுக்கு ஒளிர்வைத் தரும் பிரிவினை எத்தகையதோ, பெல்ஸ்பாருக்கு உறையவைக்கும் ஆற்றலைத் தருவதும் அத்தகைய பிரிவினையே. தகடுகள் ஒன்றோடொன்று முற்றும் பொருந்தாமையால் விளையும் நுண்குழிகளும் வெடிப்புகளுமே பனிக்கட்டியின் பிறப்பிடம் என்பது உய்த்துணரப்பட்டது. அதே ஆண்டில் கார்ல்ஸ்ரூவைச் சேர்ந்த கிசெலெவ் முதலியோர், பெல்ஸ்பாரின்மேல் தோன்றும் பனித்துகள்கள் அனைத்தும் ஒரே திசை நோக்கி நிற்பதைக் கண்டு, படிகளிலும் வெடிப்புகளிலும் மட்டும் வெளிப்படும் ஒரு முகமே அதற்குக் காரணம் என விளக்கினர்.

வியன்னாத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பிரான்செஸ்கி, டீபோல்ட் முதலியோர் செய்து 2024 இல் வெளிவந்த ஆய்வு இன்னும் ஒரு படி உள்ளே சென்றது. வெற்றிடத்திற் பெல்ஸ்பாரைப் பிளந்து, அதன் முகத்தை அணு அளவில் அவர்கள் நோக்கினர். கல்லினுள் அடைபட்டிருந்த சிறிதளவு நீரே வெளிப்பட்டுப் புதிய முகத்தில் ஒட்டி, பிளவுற்று, ஐதரொட்சைல் கூட்டங்களாக நிலைத்துவிட்டது. பின்வரும் நீர் மூலக்கூறுகள் அக்கூட்டங்களையே பற்றுக்கோடாகக் கொண்டு ஒழுங்குற நின்றன. ஆகவே நீர் காண்பது வெறுங் கல்லையன்று. தனக்கு முன்வந்த நீர் கல்லில் விட்டுச்சென்ற சுவட்டையே. திங்களின் ஒளிக்கு இதில் இடமில்லை. புலவர் கற்பனையை அறிவியல் என நாட்டவும் இது துணைபோகாது. ஆயினும் இக்குலத்துக் கல் தன்னுள் நீரை வைத்திருந்து தன் முகத்தைத் தானே நனைத்துக்கொள்ளும் என்பது இன்று கண்ட உண்மை.

வரலாறு உணர்த்துவது

ஊவா மலைகளில் பெல்ஸ்பார் நிறைந்திருந்தும் அம்மலைகளின் மண் அதனைப் பெரிதும் இழந்துவிட்டது. வெப்பமும் மழையும் மிக்க நாட்டில் பெல்ஸ்பார் சிதைந்து கயோலினைட் முதலிய களியாகும். தேயிலைச் செடி வேரூன்றும் செம்மண் அவ்வாறு விளைந்தது. மழை குன்றிய பாலைநிலங்களிலேயே அது சிதையாது தூசியிற் பறக்கின்றது. மழையால் அழியும் கல்லே மழைக்கு வித்தாவது என்பது இயற்கையின் விந்தைகளுள் ஒன்று.

ஒரு முயற்சி பலித்தமையாலேயே அதற்குக் கூறிய காரணமும் மெய்யாகிவிடாது என்பதே இவ்வரலாற்றின் சாரம். வெள்ளி அயடைட்டு வேலை செய்தது. ஆகவே அச்சுக் கொள்கை ஐம்பது ஆண்டுகள் கேள்வியின்றி வாழ்ந்தது. ஒழுங்கான முகமே பனிக்கட்டியைப் படைக்கும் என்று அக்கொள்கை கூறியது. வெடிப்பும் குழியும் படியுமாகிய ஒழுங்கின்மையே முதன்மையான இடம் என்று பெல்ஸ்பார் காட்டியது. எந்த முகிலில் எத்துகள் எவ்வெப்பநிலையிற் பனிக்கட்டியைத் தோற்றுவிக்கும் என்பதைச் சரிவர அறிந்தாலன்றி, மழையை முன்னறிதலும், வெப்பமுறும் உலகில் முகில்கள் எவ்வளவு வெயிலைத் திருப்பியனுப்பும் எனக் கணித்தலும் குறையுடையனவாகவே இருக்கும். வறட்சிக் காலத்தில் அரசுகள் வானத்தில் தூவும் பொருளுக்குச் செலவாவது மக்களின் பணம். மழை பெய்யாதபோது தெமோதரையின் தேயிலை மலையில் வெறுங்கூடையோடு நிற்பவளும் அம்மக்களுள் ஒருத்தியே. அவள் பொருட்டேனும், உறைதலைப் பற்றிய பாடம் 0 பாகை என்னும் ஒற்றை எண்ணோடு முடிந்துவிடலாகாது. உறையவேண்டிய வேளையில் நீர் ஏன் உறையாது நிற்கின்றது என்னும் பாரன்ஹைட்டின் வினாவும் மாணவர் செவிக்கு எட்டுதல் வேண்டும்.